அச்சம் விசுவாசம் ஆகுமா?

'பயபக்தி' என்ற சொல்லை நம் முன்னோர் பொருளறிந்தே வழங்கினர். இறைவனின் திருமுன் நிற்கும் மனிதன் உள்ளத்தில் நடுக்கமும் அன்பும் ஒருங்கே எழும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அச்சொல்லில் குறையேதும் இல்லை. ஆனால் அதனை இரண்டாகப் பிளந்து, பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு பக்தியைத் தொலைத்துவிட்ட ஒரு சமய வாழ்வு நம்மிடையே வளர்ந்து வருகிறது. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

முன்பெல்லாம் கோயிலில் ஒரு துண்டுத்தாள் கிடக்கும். இந்தச் செபத்தை இத்தனை பிரதி எழுதிப் பிறருக்குக் கொடுத்தால் நன்மை வரும்; கிழித்தெறிந்தால் குடும்பத்தில் சாவு விழும் என்று அதில் கண்டிருக்கும். இன்று அதே தாள் கைப்பேசியில் வருகிறது. படித்த ஆசிரியரும் வங்கி அலுவலரும் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டே மறுவேலை பார்க்கின்றனர். கேட்டால், "நமக்கேன் வம்பு?" என்கின்றனர். நேர்ச்சையைச் செலுத்த மறந்ததனால்தான் மகளுக்குக் காய்ச்சல் வந்தது என்று நடுங்கும் தாய்மாரும் உண்டு. சில தியானக் கூட்டங்களிலோ குடும்ப மரத்தை வரையச் சொல்கின்றனர். தற்கொலை செய்தவர், மனநலம் குன்றியவர், பிள்ளைப்பேறு இல்லாதவர் என ஒவ்வொருவர் மேலும் அடையாளமிடச் சொல்லி, "இது முன்னோர் சாபம், கட்டு முறிக்கப்பட வேண்டும்" என்று தீர்ப்பளிக்கின்றனர். கருவிலேயே பிள்ளையை இழந்த பெண்ணொருத்தி ஆறுதல் தேடி அங்கே போகிறாள். குற்றவாளியாகத் திரும்பி வருகிறாள்.

இவற்றையெல்லாம் எளிய மக்களின் எளிய பக்தி என்று சொல்லி நாம் கடந்து போகலாகாது. எளிய மக்களின் பக்தி பெரிது. அதை நாம் போற்ற வேண்டும். இங்கே நடப்பதோ எளிய மக்களின் துயரத்தின்மேல் கட்டப்படும் அதிகாரம். துன்பப்படுபவனைப் பார்த்து, "இதற்குக் காரணம் நீ, அல்லது உன் பாட்டன்" என்று அச்சுறுத்தும் போதனை, எத்துணை உரத்த அல்லேலூயாவுடன் சொல்லப்பட்டாலும், கிறிஸ்தவப் போதனை ஆகாது.

இரண்டு கடற்கரைகள்

1755-ஆம் ஆண்டு நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் காலைத் திருப்பலிக்காகக் கோயில்கள் நிரம்பியிருந்தன. அப்போது நிலம் அதிர்ந்தது. கோயில் கூரைகள் மக்கள்மேல் இடிந்து விழுந்தன. நகரெங்கும் தீ பரவியது. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைப் பொங்கி வந்த பேரலை வாரிச் சென்றது. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே கபிரியேல் மலகிரிதா என்ற இயேசு சபைக் குரு ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிலநடுக்கத்துக்கு இயற்கையில் காரணம் தேடுவது தவறு, லிஸ்பன் மக்களின் பாவமே அதன் காரணம் என்று அதில் அவர் வாதிட்டார். பிரேசில் நாட்டில் நெடுங்காலம் மறைப்பணியாற்றிய அவர் தம் மட்டில் நேர்மையானவர்தாம். அவரை 1761-இல் அரசியல் பகை கொன்றது. அது ஒரு பெரும் அநீதி. ஆயினும் அவர் சொன்னது சரியாகிவிடாது. பாவத்துக்கான தண்டனை எனில், திருப்பலிக்கு வந்து நின்றவர்கள் ஏன் முதலில் நசுங்கினர்? இந்த எளிய கேள்விக்கு அந்நூலிடம் விடை இல்லை.

மற்றொரு கடற்கரை நம்முடையது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் பலர் அவர்களுள் அடங்குவர். பேராலயத்துக்குள் இருந்தோர் தப்பினர். சடலங்கள் எடுக்கப்படும் முன்பே இரண்டு பேச்சுகள் கிளம்பின. ஒன்று, இது கடவுள் தந்த தண்டனை என்பது. மற்றொன்று, உள்ளே இருந்தவர்களைத் தாய் காப்பாற்றினாள் என்பது. உயிர் பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நன்றியைக் கொள்கையாக்கிப் பேசுவோர் சற்றே நிதானிக்க வேண்டும். உள்ளே இருந்தவர்களைத் தாய் காத்தாள் என்றால், கரையில் பிள்ளையின் கையைப் பற்றியபடி நின்ற மற்றொரு தாயைக் கைவிட்டவள் யார்? லிஸ்பனில் கோயிலுக்குள் இருந்தவர் மாண்டனர். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் இருந்தவர் பிழைத்தனர். இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே தராசில் வைத்து, கடவுளின் கணக்கு இதுதான் என்று சொல்ல எவராலும் இயலாது. கட்டட அமைப்பும் கடல்மட்டமும் தீர்மானித்த ஒன்றைப் பாவபுண்ணியம் தீர்மானித்ததாகச் சொல்வது அறிவுக்கும் பொருந்தாது, விசுவாசத்துக்கும் பொருந்தாது.

ஆண்டவரே இதற்கு விடை தந்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்ட செய்தியை லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் அவரே எடுத்துப் பேசுகிறார். மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் வெளிப்படையாக மறுக்கிறார். அதன்பின் மனமாற்றத்துக்கு அழைப்பு விடுக்கிறார். அந்த அழைப்பு மாண்டவர்களைச் சுட்டவில்லை, கேட்டுக்கொண்டு நின்றவர்களைச் சுட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று வினவினர். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆண்டவர் உமிழ்நீரால் சேறு உண்டாக்கிக் கண்களில் பூசினார். காரணம் தேடிய சீடர்களின் கைகள் சும்மா இருந்தன. குணமாக்கும் கைகளில் சேறு படிந்திருந்தது. துன்பத்தின் முன் கிறிஸ்தவனின் நிலை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

2020-இல் கொள்ளைநோய் உலகை முடக்கியபோதும் பழைய குரல்கள் எழுந்தன. அவ்வாண்டு மார்ச் 27 மாலையில், மழையில் நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் நின்ற திருத்தந்தை பிரான்சிஸ், புயலில் சிக்கிய படகைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதியைத் தியானித்தார். இது கடவுள் நம்மைத் தீர்ப்பிடும் வேளை ஆகாது, எது முக்கியம் என்று நாம் தீர்மானிக்க வேண்டிய வேளை என்றே அவர் கூறினார். திருச்சபையின் அன்றைய தலைவர் இவ்வாறு பேசியிருக்க, நம் செபக் கூடங்களில் சாட்டையைச் சுழற்ற எவருக்கு உரிமை உண்டு?

பாட்டன் பாவமும் பேரன் பிணியும்

முன்னோர் சாபம் பற்றிப் பேசுவோர் விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்று அங்கே சொல்லப்பட்டுள்ளது உண்மையே. ஆனால் அடுத்த வசனம், ஆயிரம் தலைமுறைக்கும் பேரன்பு காட்டுவேன் என்று ஆண்டவர் சொல்வதை அறிவிக்கிறது. நான்கையும் ஆயிரத்தையும் ஒப்பிடத் தெரிந்தவர்க்கு அப்பகுதியின் நோக்கம் புரியும். அதோடு மறைநூல் அங்கே நின்றுவிடவும் இல்லை. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பற்கள் கூசின என்று பாபிலோனில் நாடு கடத்தப்பட்டோர் புலம்பியபோது, எசேக்கியேல் இறைவாக்கினர் ஓர் அதிகாரம் முழுவதையும் அந்தப் பழமொழியை மறுப்பதற்கே ஒதுக்கினார். அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்பது அந்த 18-ஆம் அதிகாரத்தின் சாரம். எரேமியாவும் இதையே கூறுகிறார்.

திருச்சபையும் இதில் மௌனமாக இல்லை. குடும்ப வேர்களைக் குணமாக்குதல் என்ற பெயரில் நடைபெறும் வழிபாடுகளைக் குறித்துப் பிரான்சு நாட்டு ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 2007-இல் எச்சரித்தது. ஸ்பெயின் நாட்டு ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2024-இல் அதே கருத்தை விரிவாக எழுதியது. பாவம் என்பது ஒருவர் தம் விருப்புரிமையோடு செய்வது. பிறப்புநிலைப் பாவத்தைத் தவிர வேறெந்தப் பாவமும் தலைமுறை வழியாக இறங்குவதில்லை என்பதே அவற்றின் அடிப்படை. இறங்கும் அந்த ஒன்றையும் திருமுழுக்கு கழுவிவிடுகிறது. அப்படியானால், திருமுழுக்குப் பெற்ற ஒருவரைப் பார்த்து, இன்னும் சாபக்கட்டு முறியவில்லை என்று சொல்பவர் எதை மறுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். திருமுழுக்கின் ஆற்றலையே அவர் மறுக்கிறார்.

குடும்பங்களில் மதுப்பழக்கமும் வன்முறையும் சில நோய்களும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை மறுப்பதற்கில்லை. அதற்கு உடலியல் காரணங்கள் உண்டு. வளர்ப்பின் காரணங்களும் உண்டு. மருத்துவரும் ஆலோசகரும் பொறுமையான குருவும் அங்கே தேவை. 1999 சனவரியில் வெளியிடப்பட்ட பேயோட்டும் திருச்சடங்கு நூல்கூட, நோயாளியை, குறிப்பாக மனநோயாளியை, பேய் பிடித்தவர் என்று எளிதில் முடிவுகட்டலாகாது என்று அச்சடங்கை நிறைவேற்றும் குருவையே எச்சரிக்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் அச்சடங்கை நிறைவேற்ற முடியாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, மனச்சோர்வினால் உறக்கமிழந்த ஓர் இளம் பெண்ணின் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் துணிவு சில போதகர்களுக்கு எங்கிருந்து வருகிறது? அதனால் விளையும் கேட்டுக்கு யார் பொறுப்பேற்பார்?

திருச்சபை கழற்றிய சுமைகள்

நேர்மையாகப் பேசுவதாயின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சத்தைக் கருவியாகக் கையாண்டவர்கள் தெருப் போதகர்கள் மட்டும் அல்லர். பிள்ளைகள் சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்த காலத்துப் பிரசங்கங்களில் நரக நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் எழுந்த ஜான்சனியம், நற்கருணை வாங்கத் தகுதியற்றவர்கள் என்ற அச்சத்தை மக்கள் உள்ளத்தில் ஊன்றியது. அவ்வச்சம் பல தலைமுறைகளை ஆண்டவரின் பந்தியிலிருந்து தள்ளி நிறுத்தியது. 1905-இல் அடிக்கடி நற்கருணை உட்கொள்ளுமாறும், 1910-இல் சிறு பிள்ளைகளுக்கும் அதை வழங்குமாறும் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆணைகள் பிறப்பித்த பின்னரே அந்த இறுக்கம் தளர்ந்தது.

1917-இன் திருச்சபைச் சட்டம் மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த பச்சிளங் குழந்தைகளும் மந்திரித்த மண்ணுக்கு வெளியே புதைக்கப்பட்டனர். அந்தக் குழந்தை 'லிம்போ'வில் இருக்கிறது, கடவுளை ஒருபோதும் காணாது என்று சொல்லப்பட்ட தாய் எத்தனை இரவு அழுதிருப்பாள்! 1983-இன் புதிய சட்டத்தில் தற்கொலை பற்றிய அத்தடை இல்லை. பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் வழங்க ஆயர் அனுமதிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டோரின் மீட்பைக் குறித்தும் நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது. 2007-இல் அனைத்துலக இறையியல் குழு அக்குழந்தைகளின் மீட்பை எதிர்நோக்குவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று எழுதியது. திருச்சபை செபத்தோடும் ஆய்வோடும் மக்களின் தோளிலிருந்து இறக்கி வைத்த சுமையை, நாம் வேறொரு பெயரில் மீண்டும் அவர்கள் தோளில் ஏற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை!

அச்சத்துக்கு இடமே இல்லையா?

"ஆண்டவர்பால் கொள்ளும் அச்சமே ஞானத்தின் தொடக்கம் என்று மறைநூல் சொல்லவில்லையா? தெய்வ பயம் தூய ஆவியாரின் ஏழு கொடைகளில் ஒன்றல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். தக்க கேள்விதான். அச்சத்துக்கு இடமுண்டு. தண்டனைக்கு அஞ்சிப் பாவத்தை வெறுப்பதும் கடவுளின் கொடையே என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் கற்பித்தது. ஆயினும் கடவுள்மீது கொண்ட அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபத்துக்குக் கீழேதான் அது வைக்கப்பட்டது. புனித அகுஸ்தினார், யோவானின் முதல் திருமுகத்தை விளக்கும்போது ஓர் அழகிய உவமை தருகிறார். தையற்காரர் துணியில் முதலில் ஊசியைச் செலுத்துகிறார். ஊசியின் பின்னே நூல் வருகிறது. ஊசி வெளியேறாமல் நூல் உள்ளே தங்க முடியாது. அச்சம் ஊசி, அன்பு நூல் என்பது அவர் கருத்து. ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு அதைச் சட்டை என்று அணியச் சொல்வது என்ன நியாயம்? நம் போதகர் சிலர் அதைத்தான் செய்கின்றனர்.

அடிமையின் அச்சமும் பிள்ளையின் அச்சமும் வேறு வேறு என்று புனித அக்குவினா தோமையார் பிரித்துக் காட்டினார். அடிமை சாட்டைக்கு அஞ்சுகிறான். பிள்ளையோ தந்தையின் மனம் நோகுமே, அவரை விட்டுப் பிரிய நேருமே என்று அஞ்சுகிறது. தூய ஆவியாரின் கொடையாகிய தெய்வ பயம் இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தது. மெசியாவின்மேல் தங்கும் கொடைகளுள் அதுவும் ஒன்று என எசாயாவின் 11-ஆம் அதிகாரம் கூறுவதை நினைவில் கொண்டால் இது விளங்கும். இயேசு தந்தையின் சாட்டைக்கு அஞ்சி வாழ்ந்தார் என்று சொல்ல யாருக்கேனும் நா எழுமா?

"பயம் போனால் ஒழுக்கம் போய்விடும், கோயிலுக்கு யார் வருவார்?" என்பது அடுத்த வாதம். இதற்கு நம் தமிழகத் திருச்சபையின் வரலாறே விடை சொல்லட்டும். வெள்ளிக்கிழமை புலால் உண்ண நடுங்கிய ஊர்களில், உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு அஞ்சி ஆண்டுதோறும் பூசைக்குப் பணம் கட்டிய ஊர்களில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுந்தது. ஒரே ஆண்டவரை உட்கொண்டவர்கள் தனிப் பாதை, தனிப் பாடை, தனிக் குழி என்று பிரிந்து கிடந்தனர். 2008 மார்ச்சில் எறையூரில், சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நரகத்தைப் பற்றி அவ்வளவு கேட்ட செவிகளை இந்தப் பாவத்தைப் பற்றிய அச்சம் ஏன் எட்டவில்லை?

காரணம் எளிது. அச்சம் தன்னைக் காத்துக்கொள்ளவே தூண்டும். அண்டை வீட்டாரை நோக்கி அது மனிதனைத் திருப்புவதில்லை. அச்சத்தினால் நடப்பவன், தனக்குத் தண்டனை வராதிருக்கப் போதுமான சடங்குகள் எவை என்றே கணக்கிடுவான். மெழுகுவர்த்தி ஏற்றினால் கணக்கு நேராகிவிடும் என்றால், சுவரை இடிக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. குடும்ப மரத்தை வரையச் சொல்பவர்கள், தற்கொலை செய்த சித்தப்பாவைக் கண்டுபிடிக்கின்றனர். பாட்டன் அபகரித்த நிலத்தைக் கண்டுபிடிப்பதில்லை. அத்தை வாங்கிய வரதட்சணையைக் கேட்பதில்லை. முன்னோரிடமிருந்து நாம் உண்மையாகவே சுமந்து வரும் சாபம் ஒன்று உண்டெனில் அது சாதி. அதை முறிக்க எந்தத் தியான மையத்திலும் சிறப்புச் செபம் நடப்பதாகத் தெரியவில்லை. இந்தியத் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. இங்கே நாம் நடுங்க வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவரும் பேதைமை என்றுதான் கண்டார்.

அச்சத்தை வென்ற சிறுமி

நம் இல்லங்கள் தோறும் படம் வைத்து வணங்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் வாழ்வை இவ்விடத்தில் நினைவு கூர்வது பொருத்தமாகும். 1885-இல், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, அவர் ஒரு தியானத்தில் கலந்துகொண்டார். சாவு, தீர்ப்பு, நரகம், சாவான பாவம் என்றே போதனை இருந்தது. அதன் விளைவாகச் சிறுமியின் மனம் சஞ்சலத்தில் வீழ்ந்தது. தன் ஒவ்வொரு நினைவிலும் செயலிலும் பாவத்தைத் தேடித் தேடி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அவர் வேதனைப்பட்டார். 1891-இல் கார்மேல் மடத்துக்குத் தியானம் கொடுக்க வந்த பிரான்சிஸ்கன் குரு ஒருவர்தாம், அவருடைய குறைகள் கடவுளுக்கு வருத்தம் விளைவிப்பதில்லை என்று சொல்லி அவருக்கு விடுதலை தந்தார். கடவுளின் நீதிக்குத் தம்மைப் பலியாக்கிப் பாவிகளுக்குரிய தண்டனையைத் தம்மேல் ஏற்பது அக்காலத் துறவியரிடையே உயரிய பக்தியாகக் கருதப்பட்டது. தெரேசா அவ்வழியை விடுத்து, 1895 சூன் 9 அன்று கடவுளின் இரக்கமுள்ள அன்புக்குத் தம்மைக் கையளித்தார். 24 வயதில் இறந்த அந்தப் பெண்ணை 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். ஒரு போதகர் சிறுமி ஒருத்தியை ஒன்றரை ஆண்டு நோகச் செய்தார். மற்றொரு போதகரின் சில சொற்கள் அவரை அன்பின் பாதையில் பறக்கச் செய்தன. பிரசங்க மேடையில் ஏறுவோர் அனைவரும் இவ்விருவருள் தாம் யார் என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொதுநிலையினராகிய நமக்கும் கடமைகள் உண்டு. அச்சுறுத்தும் செய்தி கைப்பேசிக்கு வந்தால் அங்கேயே அதை அழித்துவிட வேண்டும். அனுப்பியவருக்கு அன்போடு காரணமும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம், "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்த வேண்டும். மறைநூலை விரித்துப் பார்க்காமல் போதகரின் சொல்லை மட்டும் நம்பிக் கிடந்தது போதும். நம் பங்கில் சாபம் பற்றிப் போதிக்கப்பட்டால், பங்குத்தந்தையிடம் சென்று, இது திருச்சபையின் போதனையா என்று மரியாதையோடு கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, துக்க வீட்டுக்குச் செல்லும்போது நம் நாவைக் காக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள்கள் அவரோடு தரையில் அமர்ந்து மௌனமாக இருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். அவர் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்க வாய் திறந்தபோதுதான் கெட்டனர். இறுதியில் கடவுள் கோபம் கொண்டது புலம்பிய யோபுவின்மேல் இல்லை, கடவுளுக்காக வழக்காடுவதாக எண்ணிய அந்த நண்பர்களின்மேல்தான். பிள்ளையை இழந்த தாயின் அருகே அமருங்கள். அவளுக்கு ஒரு குவளை கஞ்சி கொடுங்கள். அவள் ஏன் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அந்தத் தாயை விட்டுக் கடவுள் அகன்று போகவில்லை என்பதை நாம் அவளோடு இருப்பதே உணர்த்தட்டும்.